பழைய காரின் டிக்கி லாக் மக்கர் செய்தால்

வந்த கேள்வி இதுதான். 2006 மாடல் சின்ன கார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரையோடு இருக்கும் லீவரை இழுத்தால் டிக்கி திறக்கும். சில மாதங்களாக டிக்கியை ஓங்கி அறைந்தால்தான் மூடியது. அப்புறம் லீவரை இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டி வந்தது. இப்போது திறக்கவே இல்லை. சாவியைப் போட்டுத் திருப்பினால் சும்மா சுற்றுகிறது. மெக்கானிக் "லாக் செட்டையே மாத்திடலாம்" என்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். லாக் செட் என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது கதவு, டிக்கி, இக்னிஷன் எல்லாவற்றுக்கும் ஒரே சாவியில் வரும் சிலிண்டர்களை, அதாவது சாவி நுழையும் பாகங்களை. டிக்கியைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சிலிண்டர் இல்லை. அதைப் பிடித்திருக்கும் லாக் தனி உருப்படி, தனியாகவே வாங்கலாம். அதுகூட உங்களுக்குத் தேவைப்படுமா என்பது சந்தேகம்தான்.

நீங்கள் சொன்ன அறிகுறிகள் வந்த வரிசையைப் பாருங்கள். முதலில் வந்தது அறைந்து மூடுவது. அதாவது டிக்கி கதவும் லாக்கும் நேராகச் சந்திக்கவில்லை, அல்லது லாக்குக்குள் கிரீஸ் காய்ந்துவிட்டது. அப்படி இறுகிப்போய் மூடிய டிக்கியைத் திறக்க லீவரை வழக்கத்தைவிட பலமாக இழுக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் அப்படி இழுத்தால் லீவரிலிருந்து லாக்குக்குப் போகும் கேபிள் நழுவும், அல்லது நாராக நாராக அறும். இது இரண்டாவது கட்டம். சாவி சும்மா சுற்றுவது அநேகமாக வேறு கதை. லீவர் இருப்பதால் யாரும் சாவியால் டிக்கியைத் திறப்பதில்லை. சிலிண்டருக்குப் பின்னால் உள்ள சின்ன பிளாஸ்டிக் கிளிப் எப்போதோ உடைந்திருக்கும், இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. கேபிளை மட்டும் மாற்றிவிட்டு, அறைந்து மூடும் பழக்கத்தை அப்படியே விட்டால் புதுக் கேபிளும் அதே வழியில்தான் போகும்.

சரி, முதலில் திறக்க வேண்டும். ஒருவர் வெளியே நின்று, டிக்கி கதவின் கீழ் ஓரத்தை, லாக் இருக்கும் இடத்துக்கு நேராக, உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிடிக்கட்டும். அதே நேரத்தில் இன்னொருவர் லீவரை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிறகு வெளியே இருப்பவர் அழுத்தத்தை விட்டுக் கதவை மேலே தூக்கிப் பார்க்கட்டும். விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை, அதாவது பீடிங், கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் லாக்கின் உள்ளே எல்லாம் இறுக்கத்தில் நிற்கும். அழுத்தும்போது அந்த இறுக்கம் தளர்கிறது. இப்படித் திறந்துவிட்டால் பெரிதாக எதுவும் உடையவில்லை என்று அர்த்தம்.

திறக்கவில்லை என்றால் லீவர் கையில் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். லீவர் தொளதொளவென்று எந்த எதிர்ப்பும் இல்லாமல் வந்தால் கேபிள் அறுந்திருக்கிறது, இல்லையென்றால் ஏதாவது ஒரு முனையில் கழன்றிருக்கிறது. அசையவே மறுத்தால் கேபிள் உறைக்குள் துருப்பிடித்திருக்கிறது, அல்லது லாக் இறுகியிருக்கிறது. இந்த நிலையில் பலத்தைக் காட்ட வேண்டாம், பிளாஸ்டிக் லீவர் உடைந்து கையோடு வந்துவிடும். மூன்றாவது வகைதான் பலரை ஏமாற்றும். லீவர் வழக்கம்போல் வருகிறது, பின்னால் 'டக்' என்று சத்தமும் கேட்கிறது, ஆனால் கதவு எழும்பவில்லை. இங்கே லாக் தன் வேலையைச் செய்துவிட்டது. கதவை ஒரு விரல்கடை மேலே தள்ளிவிட வேண்டிய ரப்பர் கட்டைகளோ ஸ்பிரிங்கோ தேய்ந்து போனதால், கதவு எழாமல் திரும்பவும் மாட்டிக்கொள்கிறது. லீவரை இழுக்கும் அதே நொடியில் இன்னொருவர் தூக்கினால் திறந்துவிடும். இதற்காக லாக் மாற்றியவர்கள் உண்டு. மாற்றிய பிறகும் அதே தொல்லைதான்.

லீவர் தொளதொளவென்று இருந்தால் லீவரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். கேபிளின் கறுப்பு உறை அதன் தாங்கியில் நிற்கிறதா, நழுவி வெளியே தொங்குகிறதா என்று தெரியும். நழுவியிருந்தால் நீங்கள் இழுக்கும்போது உறையும் கம்பியும் சேர்ந்தே நகரும், பின்னால் இழுப்பே போய்ச் சேராது. உறையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, உள்கம்பியின் முனையைக் குறடால் இழுத்தால் பெரும்பாலும் டிக்கி திறந்துவிடும்.

அதுவும் நடக்கவில்லை என்றால் உள்ளே போக வேண்டியதுதான். பின்சீட்டை மடித்து, பார்சல் டிரேயை எடுத்துவிட்டு, வீட்டில் ஒல்லியானவர் யாரோ அவரை டார்ச்சோடு அனுப்புங்கள். ஒன்று முக்கியம். லாக் டிக்கி கதவில் இருக்கிறதா, கீழே பம்பருக்கு மேலே பாடியில் இருக்கிறதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். தெருவில் அதே மாடல் வண்டி வைத்திருப்பவரிடம் கேட்டு அவர் டிக்கியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லாக் எங்கே, கேபிள் எந்தப் பக்கமிருந்து வருகிறது, உள்பக்க அட்டையைப் பிடித்திருக்கும் டிரிம் கிளிப் எந்த இடத்தில் இருக்கிறது என்று எல்லாம் அதில் தெரிந்துவிடும். இருட்டில் குத்துமதிப்பாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு நோண்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

டிரிம் கிளிப்புகள் இத்தனை வருட வெயிலில் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். அட்டையை ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். துணி சுற்றிய தட்டையான பட்டையைக் கிளிப்புக்குப் பக்கத்திலேயே நுழைத்து ஒவ்வொன்றாக நெம்புங்கள். சில உடையத்தான் செய்யும், முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்டை விலகியதும் லாக்கின் பின்புறம் தெரியும். கேபிள் வந்து மாட்டும் சின்ன இரும்பு நெம்பைக் கண்டுபிடித்து, கேபிள் இழுக்கும் திசையிலேயே ஸ்க்ரூ டிரைவரால் தள்ளுங்கள். விரலை லாக்கின் வாய்க்குள் வைக்காதீர்கள், ஸ்பிரிங் விடுபடும்போது நசுக்கிவிடும்.

கதவு திறந்துவிட்டது. இனிமேல்தான் உண்மையான சோதனை.

லாக்கின் வாயைப் பாருங்கள். உள்ளே சுழலக்கூடிய ஒரு இரும்புக் கொடுக்கு இருக்கும். எதிர்ப்பக்கம் இருக்கும் வளைந்த கம்பி, அதாவது கொக்கி, வந்து இதை மோதும்போது கொடுக்கு சுழன்று கொக்கியைக் கவ்விக்கொள்ளும். கொடுக்கு திரும்பிப் போகாமல் பக்கத்தில் ஒரு சின்ன நாக்கு அதன் பல்லில் விழுந்து தடுத்து நிற்கும். கேபிளும் சாவியும் செய்வதெல்லாம் அந்த நாக்கை விலக்குவது மட்டும்தான். லாக் என்பது இவ்வளவுதான்: கொடுக்கு, நாக்கு, இரண்டுக்கும் ஸ்பிரிங்.

இப்போது கதவு திறந்தே இருக்கட்டும். கொக்கி வரும் திசையிலிருந்து ஒரு தடித்த ஸ்க்ரூ டிரைவரின் தண்டால் கொடுக்கை உள்ளே தள்ளுங்கள். பெரும்பாலும் 'டிக்' என்று ஒரு சத்தம், இன்னும் தள்ளினால் இன்னொரு 'டிக்' கேட்க வேண்டும். முதலாவது பாதி பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. இரண்டாவது சத்தம் வந்தபின் ஸ்க்ரூ டிரைவரை வெளியே இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது. இப்போது வேறொருவரை லீவரை இழுக்கச் சொல்லுங்கள். கொடுக்கு சட்டென்று துள்ளித் திறக்க வேண்டும். துள்ளினால் லாக்கும் நன்றாக இருக்கிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது. கோளாறு கதவு உட்காரும் விதத்தில். துள்ளாவிட்டால், கேபிள் மாட்டியிருக்கும் நெம்பைக் கையால் தள்ளிப் பாருங்கள். கையால் தள்ளினால் திறக்கிறது, லீவரால் திறக்கவில்லை என்றால் குற்றவாளி கேபிள். கையால் தள்ளியும் சோம்பேறித்தனமாகத் திறந்தால் லாக்குக்குள் அழுக்கு. பல்லில் நாக்கு நிற்காமல் நழுவினாலோ, ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ மட்டும்தான் லாக்கை மாற்ற வேண்டும்.

சோதனை முடிந்ததும் கொடுக்கு திறந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கியை மூட வேண்டும். பூட்டிய நிலையில் இருக்கும் கொடுக்கின் மேல் கொக்கியைக் கொண்டுபோய் அறைந்தால் இரண்டில் ஒன்று வளையும்.

அழுக்கு என்றால் வேலை சுலபம். இருபது வருடத்துக் கிரீஸும் சாலைத் தூசியும் கலந்து தார் மாதிரி ஆகியிருக்கும். டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, கறுப்புத் தண்ணீர் வருவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். டபிள்யூடி-40 அழுக்கைக் கரைக்கும், துருவை இளக்கும், ஆனால் நீண்ட நாள் நிற்கும் கிரீஸ் இல்லை. காய்ந்ததும் பழைய நிலைதான். அதனால் நன்றாகத் துடைத்தபின் வெள்ளை லித்தியம் கிரீஸைக் கொடுக்கின் அச்சிலும் நாக்கு உரசும் பல்லிலும் மெல்லியதாகத் தடவுங்கள். அள்ளி அப்ப வேண்டாம், தூசிதான் ஒட்டும். பட்டறைகளில் டீசலில் கழுவுவார்கள். கழுவலாம், ஆனால் கழுவிய பிறகு ஒட்டத் துடைக்க வேண்டும், பெயின்ட்டிலும் ரப்பரிலும் வழியவிடக் கூடாது.

கேபிள் என்றால், முதலில் இரண்டு முனைகளிலும் உறை தாங்கியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நழுவியது மட்டும்தான் என்றால் திரும்ப உட்கார வைத்து, கிளிப் உடைந்திருந்தால் புதுக் கிளிப் போட்டால் போதும். கம்பியில் ஒன்றிரண்டு இழை அறுந்து முள்ளாக நிற்பது தெரிந்தால் யோசிக்காமல் கேபிளை மாற்றிவிடுங்கள், அது எண்ணெய் போட்டுக் காப்பாற்றக்கூடிய கட்டத்தைத் தாண்டிவிட்டது. மாற்றும்போது பழைய கேபிளின் முனையில் நீளமான நைலான் கயிற்றைக் கட்டிவிட்டு இழுங்கள். கேபிள் வெளியே வரும்போது அது போன வழியில் கயிறு நிற்கும், அந்தக் கயிற்றில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்தால் கார்ப்பெட்டையும் சீட்டையும் முழுக்கக் கழற்றாமலே வேலை முடியும். கேபிள் போகும் வழியில் கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். கதவு பீடிங்கிலிருந்தோ ஏசி தண்ணீர்க் குழாயிலிருந்தோ தண்ணீர் வருகிறது. கேபிளைத் துருப்பிடிக்க வைத்ததே அதுவாக இருக்கும், அடுத்து தரைத் தகட்டைத் தின்ன ஆரம்பிக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தில் ஓடும் வண்டி என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இனி உங்கள் விஷயத்தில் மூலக் காரணம் என்று நான் நினைக்கும் இடம்: கதவு உட்காரும் விதம்.

கொக்கியின் தேய்மானத்தைப் பாருங்கள். பளபளப்பு நடுவில் இருந்தால் சரி. ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் கதவு ஒரு பக்கமாக இறங்குகிறது. இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் கொக்கியில் கொஞ்சம் கண்மையைத் தடவிவிட்டு டிக்கியை மெதுவாக லாக்கின் வாய்வரை இறக்கி, பூட்டாமல் திரும்பத் தூக்குங்கள். வாயில் எந்த ஓரத்தில் மை ஒட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம் இடிக்கிறது. அப்புறம் டிக்கியைப் பாதி திறந்த நிலையில் கீழ் ஓரத்தைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டுங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் முதலில் கீல் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். அதைச் செய்யாமல் கொக்கியை நகர்த்துவது வீண்.

கொக்கி பெரும்பாலும் இரண்டு போல்ட்டில் நிற்கும். துளைகள் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரியவை, சரிசெய்வதற்கென்றே அப்படி விட்டிருக்கிறார்கள். தொடும் முன் கொக்கியின் அடித்தகட்டைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். நிலைமை மோசமானால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். போல்ட்டுகளை முழுக்கத் தளர்த்தாமல், தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். டிக்கியை மெதுவாக மூடினால் கொடுக்கே கொக்கியைத் தன் நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். திறந்து, இடம் மாறாமல் இறுக்குங்கள். பழைய போல்ட் துருவில் சிக்கியிருந்தால் முதல் நாளே டபிள்யூடி-40 அடித்து விடுங்கள். தலை வழுக்கிவிட்டால் அரை மணி நேர வேலை அரை நாள் ஆகிவிடும்.

டிக்கியின் இரு ஓரங்களிலும் ரப்பர் கட்டைகள் இருக்கும். பல வண்டிகளில் அவற்றைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ரொம்ப வெளியே வந்திருந்தால் அறைந்தால்தான் மூடும். ரொம்ப உள்ளே போயிருந்தால் மூடிய கதவு மேடுபள்ளத்தில் கடகடவென்று சத்தம் போடும். பீடிங் சரியாக அழுந்துகிறதா என்று பார்க்க, செய்தித்தாள் துண்டை விளிம்பில் வைத்து மூடி இழுங்கள். ஓரளவு இறுக்கமாக வர வேண்டும். சுற்றிலும் பல இடங்களில் பாருங்கள். சமீபத்தில்தான் பீடிங் மாற்றினீர்கள் என்றால் சில வாரங்களுக்குக் கதவு கெட்டியாகத்தான் மூடும், அதற்காக எதையும் திருக வேண்டாம்.

நீங்கள் சொல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். வண்டி எப்போதாவது பின்னால் இடி வாங்கியிருக்கிறதா? வாங்கும்போதே செகண்ட் ஹேண்ட் என்றால் பின் பம்பரின் பெயின்ட் மற்ற இடங்களோடு ஒத்துப்போகிறதா, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் சுருக்கமோ வெல்டிங் தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். பின் தகடு சில மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தாலே டிக்கி அறைந்து மூட வேண்டியதாகிவிடும். கொக்கியைக் கடைசிவரை நகர்த்தியும் போதவில்லை என்றால் இது டிங்கரிங் வேலை. எத்தனை லாக் மாற்றினாலும் தீராது.

சாவி பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரிம் கழன்றிருக்கும்போதே சிலிண்டரின் பின்புறத்தைப் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது பின்னால் உள்ள தகடு திரும்புகிறது, ஆனால் அதிலிருந்து லாக்குக்குப் போகும் கம்பி அசையவில்லை என்றால் கிளிப்தான் போயிருக்கிறது. சின்னச் செலவு. தகடே திரும்பவில்லை என்றால்தான் சிலிண்டர் கெட்டிருக்கிறது. சாவித் துளைக்குள் எண்ணெயோ கிரீஸோ விடாதீர்கள். கிராஃபைட் தூள் போதும், அவசரத்துக்கு பென்சில் முனையைச் சுரண்டிய தூளும் வேலை செய்யும். அப்புறம் மாதம் ஒருமுறையாவது சாவியால் டிக்கியைத் திறங்கள். கேபிள் கைவிடும் நாளில் அதுதான் மிச்சமிருக்கும் வழி. வண்டியில் சிஎன்ஜி அல்லது எல்பிஜி சிலிண்டர் டிக்கியில் இருந்தால் இது இன்னும் முக்கியம். கையால் மூடும் வால்வும் அங்கேதான் இருக்கிறது. திறக்காத டிக்கியோடு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது சரியில்லை.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு, டிக்கி மூட மறுப்பது. உங்கள் வண்டி அந்த நிலைக்கு வந்தால் கயிற்றால் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகாதீர்கள். ஓடும் காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் சைலென்சர் புகை இடைவெளி வழியாக உள்ளே சுழன்று வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, தூக்கம் என்று ஆரம்பித்து ஆளையே சாய்க்கும். பக்கத்துப் பட்டறைவரை போகத்தான் வேண்டும் என்றால் எல்லா ஜன்னல்களையும் இறக்கிவிட்டு, குழந்தைகளை ஏற்றாமல் போங்கள்.

பட்டன் அழுத்தினால் திறக்கும் வகையோ, வெளியே சென்ட்ரல் லாக் வாங்கிப் பொருத்திய வண்டியோ வைத்திருப்பவர்கள் இதோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூரைக்கும் டிக்கி கதவுக்கும் நடுவில் வயர்கள் ஒரு ரப்பர் குழாய்க்குள் போகும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அந்த இடத்தில் வளைவதால் உள்ளே செம்பு அறுந்துவிடும், மேல் தோல் முழுசாகவே இருக்கும். பின் வைப்பரோ நம்பர் பிளேட் லைட்டோ சேர்ந்து மக்கர் செய்தால் முதலில் அந்த ரப்பரை விலக்கிப் பாருங்கள். பட்டனை அழுத்தும்போது லாக் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறது, எர்த்தும் சரியாக இருக்கிறது, ஆனாலும் சத்தமே இல்லை என்றால் மோட்டார் போயிருக்கிறது.

எல்லாம் பார்த்தபின் லாக்தான் என்று முடிவானால், பழைய உருப்படியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரே மாடலிலேயே லீவர் உள்ளதற்கும் இல்லாததற்கும் லாக் வேறாக இருக்கலாம். சென்னையில் புதிதாக வேண்டுமானால் ஜி.பி. ரோடு, பழையதே போதும் என்றால் புதுப்பேட்டை. பழையது வாங்கினால் கடையிலேயே ஸ்க்ரூ டிரைவரால் அந்த இரண்டு 'டிக்' சோதனையைச் செய்துவிட்டுப் பணம் கொடுங்கள், கடைக்காரர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். வெளிச் சந்தையில் கிடைக்கும் மலிவான புது லாக்கைவிட, கம்பெனி லாக் பழையதாக இருந்தாலும் பல் தேயாமல் இருந்தால் அதைத்தான் நான் எடுப்பேன்.

டிரிம்மைத் திரும்ப மாட்டும் முன் லீவரால் சில தடவை, சாவியால் சில தடவை திறந்து மூடிப் பாருங்கள். கதவு அட்டைக்குப் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் அதைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள், வழியும் மழைத் தண்ணீரைத் தடுப்பது அதுதான். ஓரம் விட்டுப்போயிருந்தால் இருபக்க டேப் வைத்து ஒட்டிவிட்டு அப்புறம் கிளிப்புகளை அழுத்துங்கள்.